முதல் கடனை யார் கொடுத்தார்கள்?

ஒன்பது ஏ எடுத்த பிள்ளையின் படத்தை நாங்கள் எல்லோரும் பகிர்கிறோம். சாதாரண தரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டு, இரண்டு வருசம் வெல்டிங் பழகி, என்.வி.கியூ சான்றிதழையும் எடுத்துக்கொண்டு நிற்கிற பிள்ளையின் படத்தை யாரும் பகிர்வதில்லை. ஆசிரியர்களாகிய நாங்களும் அந்தப் பிள்ளைகளைப் பற்றிக் குறைவாகவே எழுதியிருக்கிறோம். இந்தப் பதிவு அவர்களுக்கானது. கொஞ்சம் நீளம், ஆறுதலாக வாசியுங்கள்.

கீரியிலும் மன்னார்த் தீவின் மற்ற ஊர்களிலும் இப்படியான இளைஞர்கள் இருக்கிறார்கள். படகு என்ஜின் திருத்தத் தெரிந்தவர், பைபர் படகின் வெடிப்பை ஒட்டத் தெரிந்தவர், தச்சர், மேசன், மோட்டார் சைக்கிள் வேலை தெரிந்தவர், தைக்கத் தெரிந்த தங்கச்சிமார். தொழில் கையில் இருக்கிறது. இல்லாதது முதல். ஒரு சிறிய வெல்டிங் கடை போடுவதற்கு மெசின் வேண்டும், கிரைண்டர் வேண்டும், கொஞ்சம் இரும்பு வேண்டும், கடைக்கு முற்பணமும் சில மாத வாடகையும் வேண்டும், மின் இணைப்பு வேண்டும். வங்கிக்குப் போனால் முதல் கேள்வி, "எத்தனை வருசமாத் தொழில் செய்றீங்க?" என்பது. தொழில் தொடங்கத்தான் கடன் கேட்கிறோம், தொழில் செய்த கணக்கைக் காட்டினால்தான் கடன் என்கிறார்கள்.

இது இன்றைய பிரச்சினை மட்டும் அல்ல. எங்கள் கரையில் தொழில் தெரிந்தும் முதல் இல்லாதவனுக்கு யார் பணம் கொடுத்தார்கள், எதை வாங்கிக்கொண்டு கொடுத்தார்கள் என்று பார்த்தால் அது ஒரு நீண்ட வரலாறு. அதைத் தெரிந்துகொண்டால் இன்று கையில் தரப்படுகிற படிவத்தைச் சரியாக வாசிக்கலாம்.

முத்துக்குளிப்பிலிருந்து தொடங்குவோம். மன்னார்க் கடலின் பெயரை உலகம் அறிந்தது அதனால்தான். 1905-இல் மாரிச்சுக்கட்டியில் நடந்த குளிப்பில் 8 கோடிக்கு மேற்பட்ட சிப்பிகள் எடுக்கப்பட்டன. அரசுக்குக் கிடைத்த வருமானம் சுமார் 25 இலட்சம் ரூபாய். அந்தக் காலத்துப் பணத்தில் அது பெரிய தொகை. குளித்தவர்களில் அரபுக்காரர் இருந்தார்கள், கீழக்கரை முஸ்லிம்கள் இருந்தார்கள், தமிழர் இருந்தார்கள். எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. அரசின் பங்கு மாலையில் ஏலத்துக்குப் போனது. ஏலத்தில் எடுக்க வந்த வணிகர்களுக்குக் கைமுதல் தேவைப்பட்டது. அவர்களுக்குக் கடன் கொடுக்கச் செட்டிமாரும் கொட்டில் போட்டு அங்கேயே இருந்தார்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு அடியில் போனவனிடம் கடைசியில் இருந்தது ஒரு குவியல் சிப்பி. உள்ளே முத்து இருக்குமா என்று அவனுக்கே தெரியாது. காத்திருந்து திறந்து பார்க்க வசதி இல்லாதவன் அன்றைக்கே, வாங்குகிறவர் சொன்ன விலைக்கு விற்றான். முதல் உள்ளவனால் காத்திருக்க முடியும், இல்லாதவனால் முடியாது. இந்தப் பதிவு முழுவதும் இந்த வித்தியாசத்தைப் பற்றியதுதான்.

முத்து எப்போதாவது ஒரு வருசம். மீன் எல்லா வருசமும். கரைவலைச் சம்மாட்டி பருவம் தொடங்கமுன் ஆட்களுக்கு முற்பணம் கொடுப்பார். அதற்கு வட்டி கிடையாது. ஆனால் அந்தப் பணம் கழியும்வரை வேறு சம்மாட்டியிடம் போக முடியாது. பிறகு என்ஜின் காலம் வந்தது. என்ஜினுக்கும் வலைக்கும் பணம் கொடுத்த வியாபாரிக்கே மீன் போகவேண்டும் என்பது வழக்கமாயிற்று. வட்டி என்று ஒரு சதமும் எழுதப்படாது. ஆனால் விலையில் கழிவு இருக்கும், நிறையில் கழிவு இருக்கும், பக்கத்து வியாபாரி கூட விலை சொன்னாலும் போக முடியாது. வட்டியில்லாக் கடன் என்று நாம் சொல்கிறோம். வட்டி மீன் பெட்டிக்குள்ளே இருந்தது.

ஒரு நியாயத்தையும் சொல்லவேண்டும். அந்தச் சம்மாட்டியும் வியாபாரியும் உறுதி கேட்கவில்லை, பிணையாளி கேட்கவில்லை. கடல் கொந்தளித்து ஒரு மாதம் தொழில் இல்லாவிட்டால் பொறுத்திருந்தார்கள். கலியாணத்துக்கும் மையித்துக்கும் மேலும் கொடுத்தார்கள். அதனால்தான் எத்தனையோ அரசாங்கத் திட்டங்கள் வந்துபோன பிறகும் அந்த முறை இன்னும் கரையில் நிற்கிறது. தொழிலை அறிந்தவன் கொடுக்கிற கடனுக்கு ஒரு பலம் உண்டு. கொடுத்தவனே வாங்குகிறவனாகவும் இருப்பதுதான் அதன் நஞ்சு.

இனிக் கொழும்புக்குப் போவோம். நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் 19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிலிருந்தே இலங்கையில் தொழில் செய்தார்கள். கொழும்பில் செட்டியார் தெரு அவர்கள் பெயராலேயே இருக்கிறது. பிரித்தானிய வங்கிகள் உள்ளூர் ஆட்களுக்கு நேரே கடன் கொடுப்பது குறைவு. அவை செட்டியாருக்குக் கொடுக்கும், செட்டியார் கடைக்காரருக்கும் காணிக்காரருக்கும் தோட்டக்காரருக்கும் கொடுப்பார். ஒவ்வொரு கை மாறும்போதும் வட்டி ஏறும். தச்சனுக்கும் கொல்லனுக்கும் அந்தப் பணம் வந்து சேரும்போது அது கடைக்காரரின் கடன் கொப்பியாக இருக்கும், அல்லது அடகுக் கடைச் சீட்டாக இருக்கும்.

செட்டியார் சமூகம் தங்கள் சொந்தப் பிள்ளைகளை எப்படித் தொழிலுக்குக் கொண்டுவந்தது என்பதையும் கவனிக்கவேண்டும். பையன் முதலில் பெட்டியடிப் பையனாகச் சேர்வான். கணக்குப் பழகி அடுத்தாள் ஆவான். பிறகு முதலாள் ஆகி ஒரு கடையையே பொறுப்பெடுப்பான். மூன்று வருசத்துக்கு ஒரு கணக்கு என்று போய்வந்து, சேர்த்த சம்பளத்தையும் சம்பாதித்த பெயரையும் வைத்துச் சொந்தக் கடை போடுவான். அவனுக்கு முதல் கடன் கொடுக்கிறவர் அவன் வேலையைப் பல வருசம் கண்ணால் பார்த்தவர். பிணை தேவைப்படவில்லை, பழகின காலமே பிணை.

எங்கள் முஸ்லிம் கடைகளிலும் இப்படி ஒரு வழி இருந்தது. கடைக்குப் பையனாக வந்தவர் பிறகு பங்காளியாகி, பிறகு தனிக் கடை போட்ட கதைகளை நீங்களும் கேட்டிருப்பீர்கள். மார்க்கத்தில் இதற்கு முளாரபா என்று பெயர். ஒருவர் முதல் போடுவார், மற்றவர் உழைப்பைப் போடுவார், இலாபத்தைப் பேசின பங்குப்படி பிரிப்பார்கள், நட்டம் வந்தால் முதல் போட்டவரின் முதலிலிருந்து போகும், உழைத்தவர் தன் உழைப்பை இழப்பார். நபியவர்கள் (ஸல்) நபித்துவத்துக்கு முன் கதீஜா (றழி) அவர்களின் முதலோடு வியாபாரத்துக்குப் போனது எங்கள் பிள்ளைகள் மத்ரஸாவில் படிக்கிற வரலாறு. கொஞ்சம் யோசித்தால், ஒரு நேர்மையான இளைஞனுக்கு ஒரு பெண் தன் முதலைக் கொடுத்து நம்பிய வரலாறும் அதற்குள் இருக்கிறது.

வட்டியைப் பற்றி நாட்டுச் சட்டம் என்ன சொன்னது? 1852-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தில் ஒரு வரம்பு இருக்கிறது: வழக்கில் அறவிடக்கூடிய வட்டி முதலை விட அதிகமாகக் கூடாது. நூறு ரூபாய்க் கடனுக்கு வட்டியாக நூறுக்கு மேல் கேட்டு நீதிமன்றம் போக முடியாது. ஒல்லாந்தர் விட்டுப்போன உரோமன் டச்சுச் சட்டத்தின் பழைய கொள்கை அது. பன்மடங்காகப் பெருகுகிற வட்டியைக் குர்ஆன் விலக்குகிறது. அந்தப் பழைய சட்டமும் ஓரிடத்தில் போதும் என்று கை காட்டியிருக்கிறது. ஆனால் எழுத்தறியாதவன் நீதிமன்றம் போகமாட்டான் என்று கடன் கொடுத்தவருக்குத் தெரியும். 1918-இல் கடன் கொடுப்போர் பற்றி ஒரு சட்டம் வந்தது, 1941-இல் கடன் இணக்கச் சட்டம் வந்தது. ஒவ்வொரு சட்டமும், அதற்கு முந்தியது ஏழையின் வாசலுக்கு வந்து சேரவில்லை என்பதற்குச் சாட்சி.

1925-இல் சில செட்டியார் நிறுவனங்கள் முறிந்தன. வங்கிகள் அவர்களுக்குக் கொடுத்துவந்த கடனைச் சுருக்கின. அவர்களிடம் வாங்கியவர்களின் கழுத்தும் சேர்ந்து இறுகியது. நாட்டின் சிறு தொழில் எல்லாம் எவ்வளவு மெல்லிய கயிற்றில் தொங்கியது என்று அப்போது விளங்கியது. 1934-இல் சேர் சொராப்ஜி பொச்கானாவாலா தலைமையில் வங்கி ஆணைக்குழு உட்கார்ந்தது. உள்ளூர் மக்களுக்குக் கடன் கொடுக்க உள்ளூர் வங்கி வேண்டும் என்ற முடிவின் பலனாக 1939 ஓகஸ்ட் 1-ஆம் திகதி இலங்கை வங்கி திறக்கப்பட்டது. வங்கி வந்தது. ஆனால் அது கேட்டதும் காணி உறுதி, சொத்து, கணக்குப் புத்தகம். அவை உள்ளவருக்குக் கதவு திறந்தது.

சொத்து இல்லாதவருக்கான வழி வேறு பக்கத்தால் வந்தது. ஜேர்மனியில் பிரீட்ரிச் ரைபைசன் என்று ஒரு கிராமத் தலைவர் இருந்தார். விவசாயிகள் வட்டிக்காரரிடம் மாட்டையும் காணியையும் இழப்பதைப் பார்த்து 1864-இல் ஒரு கடன் சங்கம் அமைத்தார். அவருடைய கணக்கு எளிமையானது. இந்த ஊர் மக்களிடம் ஈடு வைக்கச் சொத்து இல்லை. ஆனால் யார் குடிப்பான், யார் உழைப்பான், யார் சொன்ன சொல் காப்பான் என்று ஒருவருக்கொருவர் தெரியும். அந்த அறிவையே ஈடாக வைப்போம். சங்கம் கடன் வாங்கும், எல்லோரும் சேர்ந்து பொறுப்பு. ஒருவன் கட்டாவிட்டால் மற்றவர்களின் சொத்தும் பதில் சொல்லும். ஆகவே யாருக்குக் கொடுக்கலாம் என்று எல்லோரும் கவனமாக யோசிப்பார்கள்.

அந்த யோசனை இந்தியாவைக் கடந்து இங்கே வந்தது. 1911-ஆம் ஆண்டின் 7-ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கு இடம் கொடுத்தது. வடக்கு அதை இறுகப் பற்றிக்கொண்டது. 1929-இல் யாழ்ப்பாணத்தில் கூட்டுறவு வங்கி தொடங்கியது. வடபகுதிக் கூட்டுறவு இயக்கத்தை வளர்த்தவர்களில் முன்னணியில் நின்ற வீ. வீரசிங்கம் ஒரு பள்ளிக்கூட அதிபர். ஆசிரியர்கள் இந்த வரலாற்றில் வெளியாட்கள் அல்ல என்பதற்காக இதைச் சொல்கிறோம். சங்கக் கணக்கு எழுதியவர்கள், கூட்டத்துக்குத் தலைமை வகித்தவர்கள் பலர் எங்கள் தொழில்காரர்.

பிறகு என்ன நடந்தது? யுத்த காலப் பங்கீட்டுக்காக 1942-க்குப் பிறகு கூட்டுறவுக் கடைகள் ஊரெல்லாம் வந்தன. 1957-க்குப் பிறகு பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. கூட்டுறவு என்றால் அரிசியும் சீனியும் வாங்குகிற சங்கக்கடை என்று மக்கள் மனதில் பதிந்தது. ஒருவரை ஒருவர் அறிந்து கடன் கொடுக்கிற வேலை பின்னுக்குப் போயிற்று. 1978 முதல் பி.ஏ. கிரிவந்தெனிய சணச என்ற பெயரில் அந்தப் பழைய கடன் சங்கங்களை மீண்டும் எழுப்பியது தெற்கில் பெரிதாக வளர்ந்தது. எங்கள் பக்கத்தில் அந்தக் காலம் யுத்தத்தின் தொடக்க காலம்.

இதற்கிடையில் பெண்கள் யாரையும் கேட்காமல் தங்கள் வங்கியை நடத்திக்கொண்டிருந்தார்கள். அதுதான் சீட்டு. பத்துப் பேர் மாதம் பத்தாயிரம் போட்டால் ஒவ்வொரு மாதமும் ஒருவருக்கு ஒரு இலட்சம். வட்டி இல்லை, படிவம் இல்லை. முதல் சீட்டு விழுந்தவருக்கு அது கடன், கடைசிச் சீட்டுக்காரருக்கு அது சேமிப்பு. அவசரக்காரர் கழித்து எடுக்கிற கழிவுச் சீட்டு வேறு கணக்கு, அதில் வட்டி வேறு பெயரில் வந்துவிடும். சீட்டைச் சின்ன விசயம் என்று எண்ணவேண்டாம். 1935-இலேயே இதை ஒழுங்குபடுத்தச் சீட்டுக் கட்டளைச் சட்டம் என்று ஒரு சட்டமே இயற்றப்பட்டது. அரசாங்கம் சட்டம் போடும் அளவுக்கு இந்த நாட்டின் முதல் அதில் சுழன்றது.

இன்னொன்று நகை. 1961-இல் மக்கள் வங்கி வந்தது. 1964 முதல் கூட்டுறவுக் கிராமிய வங்கிகள் வந்தன. தனியார் அடகுக் கடையில் இருந்த நகை மெல்ல மெல்ல வங்கிக்கு வந்தது, வட்டியும் குறைந்தது. இன்று வரை ஓர் இளைஞனின் முதல் கடனுக்கு மிகச் சுருக்கமான வழி அதுதான். காலையில் கொண்டுபோனால் மத்தியானம் பணம். ஆனால் யாருடைய நகை? உம்மாவின் காப்பு, ராத்தாவின் மாலை, மனைவியின் தாலிக்கொடி. கடை நட்டப்பட்டால் பலகையில் பெயர் போட்டிருப்பவர் தொழிலை இழப்பார், பெயரே போடாதவர் நகையை இழப்பார். அந்தப் பெண்ணும் அந்தக் கடையில் பங்காளி என்று எங்கள் வீடுகளில் எத்தனை பேர் சொல்லியிருக்கிறோம்? முதல் போட்டவருக்குக் கணக்குக் காட்டவேண்டும். அது உம்மாவாக இருந்தாலும்.

இப்போது 1990. அந்த ஆண்டு ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டோர். மன்னார்த் தீவிலிருந்து கடல் வழியாகக் கற்பிட்டிக்குப் போனார்கள். ஒரு குடும்பம் 5 பைகள், 2000 ரூபாய், 1 பவுண் நகை கொண்டுபோகலாம் என்று சொல்லப்பட்டதாகப் பதிவுகள் இருக்கின்றன. அதே ஆண்டில் மன்னார்த் தமிழ்க் குடும்பங்கள் பல படகேறி இராமேஸ்வரம் போய் மண்டபம் முகாமில் நின்றன. யார் பாடு பெரிது என்று அளப்பதற்காக இதை எழுதவில்லை. எங்கள் கேள்வி முதலைப் பற்றியது. தச்சனின் உளியும் இழைப்புளியும் போயின. தையல் மெசின் போயிற்று. படகு, வலை, கடைச் சரக்கு போயின. காணி உறுதிகள் பல காணாமற்போயின. அவற்றை விடப் பெரிய ஒன்றும் போயிற்று: இவன் இன்னாருடைய மகன், கடன் கொடுத்தால் திருப்பித் தருவான் என்று சொல்லக்கூடிய அயலே கலைந்துபோயிற்று. ரைபைசன் ஈடாக வைத்த பொருள் அதுதான்.

அதே 1990-இல் கொழும்பில் வேறு மூன்று சட்டங்கள் இயற்றப்பட்டன. 4-ஆம் இலக்கச் சட்டம், ஈடு வைத்த சொத்தை நீதிமன்றம் போகாமலே ஏலம் விட வங்கிக்கு அதிகாரம் கொடுத்தது, பராட்டே என்று சொல்வது அதைத்தான். 18-ஆம் இலக்கச் சட்டம் கடன் தகவல் பணியகத்தை, கிரிப் என்று நாம் சொல்வதை, அமைத்தது. 20-ஆம் இலக்கச் சட்டம் தொழிற்பயிற்சியை ஒழுங்குபடுத்தியது, நைட்டா அதன் கீழ் வந்தது. நாடு ஒரு பக்கம் கடன் வரலாற்றைப் பதிவு செய்யத் தொடங்கிய அதே ஆண்டில், இன்னொரு பக்கம் ஒரு மாகாணத்து மக்களின் தொழில் வரலாறு துடைத்து எறியப்பட்டது. 2009-க்குப் பிறகு திரும்பி வந்தவர்களின் பிள்ளைகள் வங்கியில் போய் நிற்கும்போது அந்தப் படிவத்தில் பல கட்டங்கள் வெறுமையாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். இடம்பெயர்ந்தவர்கள் காணியை மீளக் கோருவதற்கு 2016-இல் ஒரு சிறப்புச் சட்டம் வந்தது. காணிக்கே அப்படி ஒரு சட்டம் தேவைப்பட்டது என்றால், ஈடு வைக்க உறுதி கொண்டு வா என்பது எவ்வளவு எளிதாகக் கேட்கப்படுகிற கடினமான காரியம் என்று பாருங்கள்.

அந்த வெறுமையை நிரப்ப வந்ததுதான் நுண்கடன். அதன் பிறப்பு நல்ல பிறப்பு. 1976-இல் வங்கதேசத்தின் ஜோப்ரா கிராமத்தில் பேராசிரியர் முஹம்மத் யூனுஸ் 42 பேருக்குச் சேர்த்துக் கொடுத்த தொகை 27 டொலர். அவர்களில் மூங்கில் முக்காலி செய்கிற பெண்கள் இருந்தார்கள். மூங்கிலுக்குப் பணம் கொடுத்த வியாபாரியே முக்காலியையும் தான் சொன்ன விலைக்கு எடுத்துக்கொள்வார். எங்கள் கரையில் மீன் பெட்டிக்குள் இருந்த வட்டி அங்கே முக்காலிக்குள் இருந்தது. யூனுஸ் செய்தது அந்த முடிச்சை அவிழ்த்தது. பணத்தை வேறிடத்தில் வாங்கு, முக்காலியை விரும்பியவருக்கு வில்.

அது எங்களிடம் வந்து சேர்ந்தபோது உரு மாறியிருந்தது. யுத்தம் முடிந்து சில வருசங்களில் வடக்கின் ஒழுங்கைகளில் கிழமைக்கொரு மோட்டார் சைக்கிள் வந்தது. ஐந்து பெண்கள் குழு, ஒருவருக்கொருவர் பிணை. தொழிலைப் பார்த்துக் கொடுக்கவில்லை, எதற்கு வாங்குகிறீர்கள் என்று கேட்கவும் இல்லை. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன். 2018-இல் இலங்கைக்கு வந்த ஐ.நா. சுயாதீன நிபுணர் யுவான் பாப்லோ பொஹொஸ்லவ்ஸ்கி, ஆண்டு வட்டி 220 வீதம் வரை போயிருப்பதாகச் சொன்னார். அந்த ஆண்டு அரசாங்கம் வறட்சி பாதித்த 12 மாவட்டங்களில் ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட பெண்களின் நிலுவைக் கடன்களுக்கு நிவாரணம் அறிவித்தது. மத்திய வங்கி 35 வீத உச்சவரம்பு வைத்தது. அதற்கிடையில் எத்தனை குடும்பங்கள் உடைந்தன என்று ஊர்களுக்குத் தெரியும்.

ரைபைசனின் சங்கத்திலும் ஒருவருக்கொருவர் பிணை, இந்தக் குழுவிலும் ஒருவருக்கொருவர் பிணை. வித்தியாசம் எங்கே? சங்கத்தில் யாருக்கு எவ்வளவு, எதற்கு என்று முடிவு செய்தவர்கள் பிணை நின்றவர்களே. இலாபமும் அவர்களுடையது. இந்தக் குழுவில் முடிவு கம்பனியுடையது, இலாபம் கம்பனியுடையது, வெட்கம் மட்டும் பெண்களுடையது.

வட்டியை மறைக்கிற கணக்கு ஒன்றையும் ஆசிரியர் என்ற முறையில் சொல்லித்தரவேண்டும். ஓர் இலட்சம் கடன், 20 வீதம், ஒரு வருசம், மாதம் பத்தாயிரமாகப் பன்னிரண்டு தவணை என்று சொல்வார்கள். மொத்தம் ஒரு இலட்சத்து இருபதாயிரம். 20 வீதம்தானே என்று தோன்றும். ஆனால் அந்த முழு இலட்சமும் உன் கையில் இருப்பது முதல் மாதம் மட்டும். ஒவ்வொரு மாதமும் கட்டக் கட்ட உன் கையில் இருக்கிற கடன் குறைகிறது. வட்டி மட்டும் கடைசி மாதம் வரை முழு இலட்சத்துக்குமே போகிறது. குறைகிற மீதிக்கு வட்டி என்ற முறையில் பார்த்தால் அந்தக் கடன் ஆண்டுக்கு 35 வீதத்துக்குச் சமம். ஆகவே "எத்தனை வீதம்?" என்று மட்டும் கேட்காதே. "குறைகிற மீதிக்கா, முழுத் தொகைக்கா?" என்று கேள். பதில் சொல்லத் தயங்குகிற இடத்தில் கையெழுத்து வைக்காதே.

வட்டி வேண்டாம் என்று நினைக்கிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. 2005-இல் வங்கிச் சட்டம் திருத்தப்பட்டு வழி திறந்தது, 2011 முதல் முழுமையான இஸ்லாமிய வங்கியும் நாட்டில் உண்டு. மெசினை வங்கியே வாங்கி, இலாபம் வைத்து, தவணைக்கு உனக்கு விற்பது முராபஹா. பெயர் ஹலால் என்பதற்காகக் கணக்கைப் பார்க்காமல் விடவேண்டாம். ரொக்க விலை எவ்வளவு, தவணை விலை எவ்வளவு, பிந்தினால் என்ன என்று அங்கேயும் கேட்கவேண்டும். ஆனால் அந்த முறையில் ஒரு நன்மை உண்டு: பணம் கையில் வருவதில்லை, மெசின்தான் வருகிறது. முதல் கடன் கலியாணச் செலவாகக் கரைவது அதனால் தடுக்கப்படும்.

இனி எங்கள் பக்கம். வங்கிகள் வழமையாகக் கேட்பது இரண்டு அரச ஊழியர் பிணை. ஊரில் அரச ஊழியர் என்றால் பெரும்பாலும் ஆசிரியர்தான். ஆகவே தொழில் தொடங்குகிற பிள்ளை வங்கிக்குப் போகமுன் எங்களிடம் வருகிறான். "சேர், ஒரு கையெழுத்து." எங்களில் பலர் தட்டிக் கழிக்கிறோம். பயம் நியாயமானது. அவன் கட்டாவிட்டால் எங்கள் சம்பளத்தில் கை வைப்பார்கள், எங்கள் பெயரும் கிரிப்பில் விழும். ஆனால் இந்த நூறு வருச வரலாற்றைப் பார்த்த பிறகு ஒன்று விளங்குகிறது. முதல் கடன் என்பது எந்தக் காலத்திலும் யாரோ ஒருவரின் சொல்லில்தான் பிறந்திருக்கிறது. செட்டியார் பையனுக்கு அவன் முதலாளியின் சொல். சங்கத்தில் அயலவரின் சொல். சீட்டில் சீட்டுக்காரியின் சொல். எங்கள் சொல் கிடைக்காத பிள்ளை, சொல்லே கேட்காத மோட்டார் சைக்கிள்காரனிடம் போவான். அங்கே போனதற்காகப் பிறகு அவனைக் குறை சொல்வதில் நியாயம் இல்லை.

கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்து வைக்கச் சொல்லவில்லை. சில நண்பர்களாகச் சேர்ந்து நாங்கள் ஓர் ஒழுங்கு பேசியிருக்கிறோம். பிள்ளை ஆறு மாதமாவது ஒருவரிடம் வேலை செய்திருக்கவேண்டும், அந்த மேசனோ பாஸோ அவன் வேலைக்குச் சாட்சி சொல்லவேண்டும். மெசினுக்குக் கொட்டேசன் இரண்டு இடத்தில் எடுத்திருக்கவேண்டும். பழைய மெசினோடு தொடங்க முடியுமா என்று முதலில் பார்க்கவேண்டும். மாதாமாதம் வரவு செலவுக் கொப்பியை எங்களுக்குக் காட்டவேண்டும். தவணை எப்படி வருகிறது என்பதும் முக்கியம். எங்கள் ஊரில் சோளகத்திலும் வாடையிலும் கடல் ஒரே மாதிரி இருப்பதில்லை. கடலுக்குப் போகாத மாதத்தில் என்ஜின் திருத்துபவனுக்கும் வேலை இல்லை, பைபர் ஒட்டுபவனுக்கும் வேலை இல்லை, கடைக்காரனுக்கும் வியாபாரம் இல்லை. கிழமைக்குக் கிழமை கட்டச் சொல்கிற கடன் இந்தக் கரைக்குப் பொருந்தாது. நல்ல மாதத்தில் கூடவும் கெட்ட மாதத்தில் குறையவும் கட்ட வழி உண்டா என்று கேட்டுப் பார்க்கவேண்டும்.

தம்பிமாரே, தங்கச்சிமாரே, உங்களுக்குக் கடைசியாக ஒன்று. கடனை அளக்கும்போது வட்டியை மட்டும் அளக்காதீர்கள். இந்தப் பணம் என்னுடைய எதைக் கட்டிப்போடுகிறது என்று பாருங்கள். என் மீனையா, என் முக்காலியையா, உம்மாவின் காப்பையா, அயலவரின் மானத்தையா, சேரின் சம்பளத்தையா? கட்டாத கடன் உலகத்தில் இல்லை. எது கட்டப்படுகிறது என்று தெரிந்து வாங்குகிறவன் அதை அவிழ்க்கும் நாளையும் குறித்து வைத்திருப்பான். முதல் கடனைச் சின்னதாக வாங்குங்கள், ஒரு தவணையும் பிந்தாமல் கட்டுங்கள், கட்டின துண்டுகளைப் பத்திரமாக வையுங்கள். 1990-இல் வெறுமையாகிப்போன அந்தப் படிவத்தின் கட்டங்களை நீங்கள்தான் ஒவ்வொன்றாக நிரப்பப்போகிறீர்கள். உங்களுக்குப் பின்னால் வருகிற பிள்ளை "எத்தனை வருசமாத் தொழில் செய்றீங்க?" என்ற கேள்விக்கு முன்னால் தனியே நிற்கக்கூடாது. அன்றைக்கு அவனுக்காகச் சொல்லக்கூடிய ஆளாக நீங்கள் இருக்கவேண்டும்.